இருக்க ஏலாதவர்களின் துத்திக்கஞ்சி

தாவரப் பொருள் எதுவானாலும், பச்சையோ காய்ந்ததோ, இலையோ வேரோ விதையோ, உரிய சான்றிதழ் இல்லாமல் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. இது விதி. திருநெல்வேலியில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் காயவைத்த துத்தி இலை ஒரு பொட்டலமாகக் கட்டித் தயாராக இருந்தது. சான்றிதழ் வாங்க நேரமில்லை. பொட்டலத்தை மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். கொழும்பு விமான நிலையத்தில் என் பெட்டியை யாரும் திறக்கவில்லை. எனக்கு முன்னால் போன அம்மாள் ஒரு கறிவேப்பிலைக் கன்றை மண்ணோடு, தொட்டியோடு, இடுப்பில் குழந்தையைப் போல இடுக்கிக்கொண்டு வெளியேறினார்.

துத்தி எதற்கு என்று எங்கள் ஊரில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. கீரையாகக் கடைந்து சாப்பிடலாம், பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம் என்பதெல்லாம் மேலோட்டமான காரணங்கள். உண்மைக் காரணம் மூலநோய். நான் ஒரு நகராட்சியில் உரிமப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டீக்கடை முதல் கசாப்புக்கடை வரை உரிமம் கொடுத்தும் மறுத்தும் என் காலம் நாற்காலியில் கழிந்தது. அதற்கு அரசு கொடுத்தது ஓய்வூதியம். நாற்காலி கொடுத்தது மற்றது.

மகன் குமரன் திருகோணமலைத் துறைமுகத்தில் ஓர் ஒப்பந்த வேலையில் இருக்கிறான். அவனுடைய பட்டச் சான்றிதழின் அசலைப் பார்க்க வேண்டும் என்று நிறுவனத்தில் கேட்டிருந்தார்கள். "கூரியரில் போட்டுவிடுங்கள் அப்பா" என்றான். அசல் ஆவணத்தைத் தபாலில் போட்டவர்கள் பட்ட பாட்டை நான் மேசையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவன். நானே கொண்டுவருகிறேன் என்றேன்.

கொழும்பிலிருந்து திருகோணமலைக்குத் தனியார் பேருந்து. எங்கள் ஊர்ப் பேருந்துகளைவிடப் பாட்டு அதிகம், வேகமும் அதிகம், இருக்கையில் பஞ்சு மட்டும் குறைவு. என் இருக்கையின் அடியில் ஒரு கம்பிச்சுருள் உறையைக் கிழித்துக்கொண்டு என் வரவுக்காகக் காத்திருந்தது. ஹபரணையைத் தாண்டியதும் எழுந்து நின்றுவிட்டேன். நடத்துனர் வந்து சிங்களத்தில் ஏதோ கேட்டார். பக்கத்து இருக்கைப் பெண் தமிழாக்கினாள்: "இடம் சும்மா கிடக்கு, ஏன் நிக்கிறீங்கள் எண்டு கேக்கிறார்."

"யானை பார்க்க" என்றேன்.

அந்த நல்ல மனிதர் அதை மறக்கவில்லை. காட்டோரம் யானை தெரிந்த இடத்திலெல்லாம் பேருந்தை மெதுவாக ஓட்டச் சொல்லி, கையைத் தட்டி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். யானைகள் நிறைய இருந்தன. பயணம் நீண்டது.

குமரன் அறையில் இரவுச் சாப்பாடு பாணும் சம்பலும் பாரைமீன் குழம்பும். பாண் என்பது ரொட்டி. சம்பல் என்பது தேங்காய்ப்பூவும் மிளகாயும். எங்கள் காரம் நாக்கில் ஏறி இறங்கிவிடும். இந்தக் காரம் நிதானமானது, மறுநாள் காலைக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போகிறது.

மறுநாள் சந்தைக்குப் போனேன். கீரைக் கடைக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் பெரியவர். அருகே குனிந்து, துத்தி இலை இருக்கிறதா என்று கேட்டேன்.

"சத்தமாச் சொல்லுங்க சேர், காது கொஞ்சம் மந்தம்."

"துத்தி."

அவர் எதிர்க் கடைக்காரரை அண்ணன் முறை வைத்துக் கூவினார். "நானா, துத்தி கேக்காரு, இரிக்கா?"

"துத்தியா? ஆருக்கு? அவருக்கா?"

சந்தையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

"இது விக்கிற சாமான் இல்ல சேர்" என்றார் பெரியவர், இப்போது பரிவோடு. "வேலியோரம் சும்மா நிக்கிறது. இந்தச் சோலிக்கு ஜெசிந்தாக்காட கஞ்சிதான் சரி. விடியப் போங்க, துறைமுக மதில் முடியிற மூலை. ஆட்டோ எல்லாம் வரிசையா நிக்கும். உள்ளுக்கு ஒருத்தனும் இரிக்க மாட்டான்."

அப்படியேதான் இருந்தது. காலையில் துறைமுக மதில் முடியும் மூலையில், ஒரு வாகை மரத்தின் கீழே ஆட்டோக்கள் நின்றன. ஓட்டுநர்கள் எல்லாரும் கோப்பையைக் கையில் பிடித்தபடி வெளியே நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ வழிபாடு நடக்கிறது என்று புதிதாக வருபவன் நினைத்துக்கொள்ளலாம். மரத்தடியில் ஒரு மேசை, விறகடுப்பு, கரிபிடித்த பானை. பானைக்குப் பின்னால் பூப்போட்ட சட்டை அணிந்த ஒரு பெண்மணி. ஐம்பதைத் தாண்டியிருப்பார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை.

"இருங்கோ" என்றார்.

எங்கள் ஊரில் இருங்க என்றால் பொறுங்கள் என்று பொருள். நான் பொறுமையாக நின்றேன்.

"இருங்கோ ஐயா."

"இருக்கட்டும் அம்மா, அவசரமில்லை."

அவர் அகப்பையை நிறுத்தினார். "இருக்கச் சொல்லுறன், நிண்டுகொண்டு இருக்கட்டும் எண்டுறீங்கள். வாங்கு உங்களுக்கு என்ன செய்தது?"

அவர் காட்டிய இடத்தில் ஒரு மர பெஞ்சு கிடந்தது. இங்கே இருப்பது என்றால் உட்காருவது என்று அப்போதுதான் விளங்கியது. பெஞ்சைப் பார்த்தேன். வெறும் பலகை. நடுவில் ஓர் ஆணி வேறு தலை தூக்கியிருந்தது. அவர் என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார்.

"ஓ. இருக்க ஏலாதோ?"

ஓட்டுநர்களில் ஒருவர் தொண்டைக்குள் சிரித்தார்.

"அப்ப சரியான இடத்துக்குத்தான் வந்தனீங்கள்" என்றார் ஜெசிந்தா. "இவையள் ஒருத்தருக்கும் ஏலாது. அதோட என்னை அம்மா எண்டாதேங்கோ, பேரைச் சொல்லுங்கோ. உங்களைவிட நான் எவ்வளவோ இளமை."

சிவப்பரிசிக் கஞ்சி, அதில் துத்தி இலையை அரைத்துப் பிழிந்த சாறு, பூண்டு, இறக்குவதற்கு முன் தேங்காய்ப்பால். கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டி. அதாவது கருப்பட்டி, உடன்குடிக்காரர்கள் மன்னிக்க வேண்டும், குறை சொல்ல ஒன்றுமில்லை. துத்திக்குச் சுவை என்று பெரிதாக ஏதும் கிடையாது. வழவழப்பு உண்டு. அந்த வழவழப்புக்குத்தான் நாங்கள் எல்லாரும் வந்து நின்றோம்.

அதன்பின் தினமும் போனேன். ஓட்டுநர்களில் நிமல் என்ற சிங்களவர் எனக்கு நண்பரானார். அவருக்குத் தமிழ் பாதி, எனக்குச் சிங்களம் பூச்சியம், மிச்சத்தை ஜெசிந்தா நிரப்பினார். ஒருநாள் கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போனேன். வெந்நீரில் உட்கார்ந்தால் என் நோய்க்கு நல்லது என்று வைத்தியர்கள் சொல்வார்கள். ஏழு கிணறு இருக்கிறது, வாளி இருக்கிறது, மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளலாம். உட்கார மட்டும் வழியில்லை. தம்பலகாமத்து எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கி வந்தேன். பயணம் வீணாகவில்லை.

சில நாட்களில் குமரனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போக முடிந்தது. அவன் அதிசயமாகத் திரும்பிப் பார்த்தான். சாலையைப் பார் என்றேன்.

ஜெசிந்தாவின் துத்தி மதிலோரத்துக் காலி மனையில் தானாக வளர்ந்தது. அதை ஒரு காலையில் மான்கள் மேய்ந்துவிட்டன. எங்கள் ஊர்த் தெருக்களில் மாடு திரிவதுபோல இங்கே புள்ளிமான் திரிகிறது. பேருந்து நிலையத்தில் வாழைப்பழத் தோல் தின்கிறது, யாரும் விரட்டுவதில்லை.

"கோணேசர் கோயில் மான்" என்றார் ஜெசிந்தா. "நான் வேதக்காரி. நான் ஏசினால் பிறகு சமயப் பிரச்சினையாப் போயிடும்."

அன்று பிற்பகல் நிமலின் ஆட்டோவில் மூவரும் இறக்கக்கண்டிக்குப் போனோம். ஜெசிந்தாவின் அண்ணன் அங்கே மீன்பிடிக்கிறார். படகுகள் ஏற்றி வைத்திருக்கும் மணல்மேட்டுக்குப் பின்னால் துத்தி இடுப்பளவு நின்றது. வெல்வெட்டுத் துணிபோல இலை, வெயில் சாயும் நேரத்தில் விரியும் மஞ்சள் பூ, பல்சக்கரம் போன்ற காய். பள்ளிக்கூட நாளில் அந்தக் காயை மையில் தொட்டு நோட்டில் முத்திரை குத்துவோம். என் முதல் அலுவலக முத்திரை அதுதான் என்று சொன்னேன். ஜெசிந்தா மொழிபெயர்க்க, நிமல் நாலைந்து காய்களைப் பறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பும்போது ஆட்டோச் சக்கரத்தில் காற்றுப் போனது. நாங்கள் மூவரும் வழியோரம் நின்றோம். நிழலில் பெஞ்சு போட்டிருந்த கடைக்காரர் இருங்கோ இருங்கோ என்று பலமுறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கர்வம் பிடித்தவர்கள் என்று முடிவுகட்டி உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை சுகாதாரப் பரிசோதகர் வந்தார். இளைஞர், தேய்த்த சட்டை, மோட்டார் சைக்கிள்.

"அக்கா, எத்தினை தரம் சொல்லுறது? கஞ்சிக்கு அனுமதிச்ச பட்டியலிலை வல்லாரை கிடக்கு, முருங்கை கிடக்கு, பொன்னாங்காணி கிடக்கு. துத்தி இல்லை. இந்த மூலையிலை இருக்க ஏலாது."

"ஓம் தம்பி" என்றார் ஜெசிந்தா, ஒரு கோப்பையை எடுத்தபடி.

"எந்தப் பிரிவின் கீழ்?" என்றேன்.

அகப்பை அந்தரத்தில் நின்றது.

"ஐயா ஆர்?"

நான் யார் என்று சொன்னேன். பட்டியலில் இல்லை என்பது தடை ஆகாது என்றேன். உண்ணக்கூடாதவை என்று தனிப்பட்டியல் இருந்தால் காட்டலாம். இல்லையென்றால், எழுத்தில் கேட்டால் எழுத்தில் முடிவு சொல்ல வேண்டியது நிர்வாகத்தின் கடமை. எந்த நாட்டிலும் இதுதான் நடைமுறை.

அவர் யோசித்தார். "ஐயா சொல்லுறது சரி. எழுதித் தாங்கோ, மேலுக்கு அனுப்புறன். மேலை இருக்கிறவை சிங்களத்திலைதான் பாப்பினம், இலையின்ர பேரைச் சிங்களத்திலையும் போடுங்கோ. ஆனால் ஒண்டு. எழுத்திலை வந்தாப் பிறகு நான் பாக்காத மாதிரிப் போக ஏலாது. பதில் வருமட்டும் அடுப்பு எரியக் கூடாது."

ஜெசிந்தாவின் கையிலிருந்த கோப்பையை ஒருமுறை பார்த்துவிட்டு, குடிக்காமலே போய்விட்டார்.

"ஐயா" என்றார் ஜெசிந்தா, அவர் போன திசையைப் பார்த்தபடி. "அந்தத் தம்பி ஒவ்வொரு மாசமும் வந்து இருக்க ஏலாது எண்டு சொல்லுறவர். நான் ஓம் எண்டுறனான். ஒரு கோப்பை குடிச்சிட்டுப் போறவர். நாள் முழுக்க மோட்டச் சைக்கிள். அவருக்கும் இருக்க ஏலாது."

யாரும் சிரிக்கவில்லை. அவர் விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தார்.

விண்ணப்பத்தை அங்கேயே எழுதினேன். இதுபோன்றவற்றைப் படிப்பவன் எப்படிப் படிப்பான் என்று எனக்குத் தெரியும். தாவரவியல் பெயரைப் போட்டால் கோப்பு ஆய்வகத்துக்குப் போகும், அங்கே மாதிரி கேட்பார்கள். அதனால் போடவில்லை. சிங்களத்தில் இதற்கு என்ன பெயர் என்று நிமலைக் கேட்டேன். "பெஹெத் அனோதா" என்றார். பெஹெத் என்றால் மருந்து. மருந்து என்ற சொல்லைக் கண்டால் கோப்பு உணவிலிருந்து வைத்தியத்துக்கு மாறும், அங்கிருந்து திரும்பி வந்த கோப்பை நான் கண்டதில்லை. பெஹெத்தை அடித்துவிட்டு, அனோதா என்று மட்டும் எழுதச் சொன்னேன்.

நிமல் பேனாவைப் பிடித்தபடி ஏதோ சொன்னார். ஜெசிந்தா தமிழாக்கினார்: "அப்ப சீனி போட்டுச் சாப்பிடலாமாம்."

நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன்.

கையெழுத்துக்குக் கீழே வியாபார முத்திரை என்று இடம் விட்டிருந்தேன். ஜெசிந்தாவிடம் முத்திரை இல்லை. நிமல் சட்டைப் பையிலிருந்து ஒரு துத்திக்காயை எடுத்தார். பக்கத்துக் கடையில் மைப்பெட்டி கிடைத்தது. முத்திரை ரப்பரால் ஆனதாக இருக்க வேண்டும் என்று நான் அறிந்த எந்த விதியிலும் இல்லை. பல் பல்லாக, வட்டமாக, நேர்த்தியாக விழுந்தது.

"பதில் கெதியா வந்திடுமோ?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"இப்படி எழுதிய விண்ணப்பத்தை யாராலும் திருப்பி அனுப்ப முடியாது" என்றேன். அது உண்மைதான். திருப்பி அனுப்பவில்லை. வைத்துக்கொண்டார்கள்.

அடுப்பு எரியாத மூலை எப்படி இருக்கும் என்று பார்க்கும் வாய்ப்பு எனக்கு வேலையில் இருந்த காலத்தில் அமைந்ததில்லை. முதல் நாள் ஓட்டுநர்கள் வழக்கம்போல வந்து நின்று, கடலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்தடுத்த நாள் ஆள் குறைந்தது. ஒரு மாலையில் கொத்துரொட்டி வண்டிக்காரன் ஒருவன் வாகை மரத்தடியை அடிக்கணக்கில் நடந்து அளந்துகொண்டிருந்தான்.

"இந்த மூலைதான் எனக்குக் கிடக்கிறது" என்றார் ஜெசிந்தா. குரலில் அழுகை இல்லை, கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "மனுசன் போனாப் பிறகு இதாலைதான் வீடு ஓடுது. கொத்துக்காரன் ஒருக்கா இரும்புத் தட்டை இறக்கினான் எண்டால் பிறகு எழுப்ப ஏலாது."

அதனால் தினமும் விடிந்ததும் அவருடைய பெஞ்சைக் கொண்டுபோய் மரத்தடியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றேன். கொத்துக்காரன் வந்தான்.

"ஐயா, இதிலை இருக்கப் போறீங்களோ?"

"இல்லை."

"அப்ப ஏன் வாங்கு?"

"இது அனுபவப் பாத்தியதை" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. விளங்காத சொல்லுக்கு எந்த நாட்டிலும் மரியாதை உண்டு. போய்விட்டான். ஆனால் தினமும் வந்தான்.

அலுவலகத்துக்கும் போனேன். கோப்புகள் எந்த மேசையில் தூங்கும் என்று வாசலிலிருந்தே என்னால் சொல்ல முடியும். அந்த மேசையில் இருந்தவர் மரியாதையானவர். "அது மேலை போயிட்டுது ஐயா" என்றார். மேலே என்றால் எங்கே என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார்.

விசா முடியும் நாள் வந்தது. கஞ்சி நின்றதில் நானும் பழையபடி நின்றுகொண்டே சாப்பிடத் தொடங்கியிருந்தேன். கிளம்பும்போது ஜெசிந்தா ஒரு பொட்டலம் தந்தார். காய்ந்த துத்தி இலை. தாவரப் பொருள் எதுவானாலும் என்று விதியைச் சொல்லத் தொடங்கினேன்.

"எழுதிக் கேக்கப் போறீங்களோ?" என்றார்.

வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். மூலைக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டேன். நிமல் தன் ஆட்டோவைக் காட்டினார். மரத்தடியில் குறுக்காக நிறுத்தியிருந்தார். தனக்குச் சவாரி வந்தால் இன்னொருவர் வந்து நிறுத்துவார் என்று ஜெசிந்தா வழியாகச் சொன்னார். யாரும் எழுதிக் கொடுக்காத ஏற்பாடு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ஊர் திரும்பியபின் அந்த இலையில் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டு, வாரந்தோறும் குமரனிடம் கேட்டேன். அடுப்பு எரியவில்லை. ஜெசிந்தா வீட்டிலேயே இடியப்பம் அவித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கிறாராம். மூலையில் ஆட்டோ நிற்கிறதாம். ஒரு நினைவூட்டல் கடிதம் அனுப்பினேன். பிறகு நினைவூட்டலுக்கு ஒரு நினைவூட்டல். மூன்றாவதை எழுதிக்கொண்டிருந்த மாலையில் கைப்பேசியில் ஒரு புகைப்படம் வந்தது. குமரன் அனுப்பியிருந்தான். சிங்களத்தில் ஒரு கடிதம், கீழே அதன் தமிழ் வடிவம்.

தங்கள் விண்ணப்பத்தில் குறிப்பிட்டவாறு அன்னமுன்னாப் பழத்தைக் கழுவி, மூடி வைத்து, மேற்படி இடத்தில் விற்பதற்கு ஆட்சேபனை இல்லை. விண்ணப்பத்தில் கையெழுத்தின் கீழ் உள்ள பழத்தின் குறுக்குவெட்டுப் படம் பரிசீலிக்கப்பட்டது.

நான் குமரனைக் கூப்பிட்டேன். அன்னமுன்னா என்றால் நம் சீத்தாப்பழத்தின் வகையறா, அப்பா, முள்ளு முள்ளாகப் பெரிதாக ஒன்று விற்கிறார்கள் என்றான். சிங்களத்தில் அதற்கு அனோதா. முன்னால் பெஹெத் இருந்தால்தான் துத்தி. சீனி போட்டுச் சாப்பிடலாம் என்று நிமல் சொன்னது நகைச்சுவை இல்லை.

பிழையான ஆணையால் பயன்பெறுபவர் அந்தப் பிழையை ஆணை வழங்கியவரின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதுவும் விதிதான். மேசையில் தாள் இருந்தது, பேனா திறந்திருந்தது, மூன்றாவது நினைவூட்டலின் முதல் பத்தி முடிந்திருந்தது. அப்போது, காலையில் கடையடியில் பதிந்த ஜெசிந்தாவின் குரல்பதிவு வந்தது. பின்னணியில் ஆட்டோ ஒலிகளும் விறகு வெடிக்கும் சத்தமும் கேட்டன.

"ஐயா, காயிதம் வந்திட்டுது. அன்னமுன்னா ஒண்டு வாங்கி மேசையிலை வச்சிருக்கிறன், கழுவி, மூடி. தம்பி வந்து காயிதத்தைப் பாத்தார், பழத்தைப் பாத்தார், பானையைப் பாத்தார். எல்லாம் ஒழுங்கா இருக்கு எண்டு சொல்லி ரெண்டு கோப்பை குடிச்சிட்டுப் போறார். கொத்துக்காரனும் இப்ப வரிசையிலை நிக்கிறான், அவனுக்கும் அந்தச் சோலிதானாம். கோயில் மான் மட்டும் அன்னமுன்னாவிலை கண் வச்சிருக்கு. உங்களுக்குக் கோடி புண்ணியம். ஆனால் ஐயா, தயவுசெய்து இனி ஒண்டும் எழுதிப் போடாதேங்கோ."

பேனாவை மூடினேன். கடிதம் வந்தது சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள் முன், ஒரு மாலை. நான் அதை உட்கார்ந்துதான் படித்தேன்.